எண்ணெய் படக்கூடாத இடம்

எங்கள் அண்ணியை இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்கு அவர் ஊசியம்மா. குழந்தைகளுக்கு அதுகூடக் கிடையாது. தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அண்ணியின் வேலை. விடியும்போதே கிளம்ப வேண்டும். சர்க்கரை பார்க்கிறவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பசியோடு இருக்கிற சர்க்கரை வியாதிக்காரரைப் போன்ற கோபக்காரர் உலகத்தில் இல்லை. அவர் எதிரே போய் ஊசியையும் நீட்டுவதென்றால் சாதாரண தைரியம் போதாது.

அண்ணன் தையல்காரன். வீட்டின் வாசல் அறைதான் கடை. அங்கே காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, அளவு கொடுத்த பிறகு சதை போட்டுவிட்டு வந்து சட்டை பிடிக்கிறது என்று சொல்கிறவர்களோடு சண்டை போடுவது, மூன்றும் தங்கையான என் பொறுப்பு. அண்ணியை ‘அவர்’ என்றும் அண்ணனை ‘அவன்’ என்றும் எழுதுகிறாயே என்று யாரும் கேட்க வேண்டாம். கூடப் பிறந்தவனுக்கு மரியாதை கொடுத்தால் அவனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவனுக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் ஆகாது. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற மூக்கு நீண்ட குப்பி எந்நேரமும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். கதவு கிறீச்சிட்டால் இரண்டு சொட்டு. மின்விசிறி முனகினால் இரண்டு சொட்டு. ஜன்னல் கொக்கி, அலமாரிக் கீல், அம்மாவின் மடக்கு நாற்காலி எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். ஒருமுறை என் புதுச் செருப்பு நடக்கும்போது கீச்சென்றது என்று குப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். எங்கள் வீட்டில் மனிதர்களைத் தவிர வேறு எதுவும் சத்தம் போட்டதில்லை.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் பஸ்ஸில்தான் போய்வந்தார். பஸ் கூட்டத்தில் ரத்தக் குழாய்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். அப்படியும் குலுங்கும். ரத்தம் ரொம்பக் குலுங்கினால் கெட்டுப்போகுமாம். அப்புறம் அதே வீட்டுக்குப் போய் அதே கையில் மறுபடியும் குத்த வேண்டும். அப்படிக் குத்து வாங்கிய ஒரு கிழவர், “ஏம்மா, முதல்ல எடுத்ததை எங்க கொட்டினே?” என்று கேட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அண்ணி வண்டி வாங்கப் போவதாக அறிவித்துவிட்டார். ஸ்கூட்டர் வாங்கலாமே என்று எல்லாரும் சொன்னோம்.

“சின்னச் சக்கரம் பள்ளத்துல விழும். பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டிப் போகும். எனக்குப் பெரிய சக்கரம்தான் வேணும்.”

அப்படி வந்தது அந்தப் பழைய மோட்டார் சைக்கிள். அண்ணி தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். வண்டி ஓட்டுவதை ஒரு மாதிரி கற்றுக்கொண்டார்; சக்கரத்தைப் பார்த்துக்கொள்வதை முழுசாகக் கற்றுக்கொண்டார். பக்கத்துத் தெரு மெக்கானிக் தம்பி ஒவ்வொன்றையும் கழற்றும்போது எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டே அவனை ஓய்த்துவிட்டார். கொஞ்ச நாளில் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், பின்பக்கத்து வெட்டவெளியில்.

அவர் செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கிறவர் கை அல்லவா! முதலில் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் சாமான்களை வரிசையாக அடுக்குவார். கையில் உறை. பிறகு துணிகள். கடையில் மிஞ்சுகிற வெட்டுத் துணிகளில் கறுப்பெல்லாம் கிரீஸுக்கு, நீலமெல்லாம் செயினுக்கு, வெள்ளை மட்டும் பிரேக்குக்கு. வெள்ளையைத் தனியாக ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்திருப்பார். கறுப்பைத் தொட்ட கையோடு வெள்ளையைத் தொடமாட்டார். கை உறையைக் கழற்றி வேறு போட்டுக்கொண்டுதான் தொடுவார்.

“இது என்ன தீட்டா அண்ணி?” என்று நான் சீண்டியிருக்கிறேன்.

“ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் குழாயில கலக்கலாமா? அதே மாதிரிதான். எண்ணெய் வேணுங்கிற இடம் ஒண்ணு, எண்ணெயே படக்கூடாத இடம் ஒண்ணு. ரெண்டும் ஒரு சாண் தூரத்துல இருக்கு.”

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று வீட்டில் நடந்துகொண்டால் தப்பு. சக்கரத்தில் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. சக்கரத்துக்கு நடுவே போகிற அச்சுக்கம்பிக்கு மெல்லிசாகக் கிரீஸ். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற, பிரேக் பிடிக்கிற டிஸ்க் தட்டுக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டயரையும் பின் பிரேக்கையும் துணி போட்டு மூடிவிடுவார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித்தான் அடிப்பார். அடித்த பிறகு மேலே மிஞ்சியதையெல்லாம் துடைத்துவிடுவார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதைச் செயின் விஷயத்தில் சொன்ன முதல் ஆள் அண்ணியாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சுவர் மேல் எட்டிப் பார்த்து, “இன்ஜினை ஓட விட்டுட்டு அடிங்கம்மா, அதுவா சுத்தும், வேலை சுலபம்” என்றார்.

“விரலும் சுலபமா போயிடுங்க” என்றார் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இப்படிப்பட்டவர் விழுந்தார். அதுதான் கதை.

பனிக்காலம் தொடங்கியிருந்தது. காலையில் கிளம்பிச் சரிவுச் சாலையின் வளைவில் முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் வண்டி கீச்சென்று ஒரு கத்து கத்தும். எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். மெக்கானிக் தம்பியிடம் காட்டியபோது, பிரேக் பேடு இன்னும் தடிமனாக இருக்கிறது, ஈரத்தில் கொஞ்சம் கத்தும், தேய்ந்தால் வேறு மாதிரி கரகரக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான். அண்ணிக்கு அது போதும். அம்மாவுக்குத்தான் போதவில்லை.

“காலங்காத்தால அந்த வண்டி கத்துற கத்துல என் தூக்கமே போச்சுடா. நெஞ்சுல கத்தியால கீறுற மாதிரி இருக்கு.”

அம்மா இதை ஒருமுறை சொன்னால் அண்ணன் கேட்டுக்கொள்வான். தினமும் சொன்னார். சத்தம் ஆகாத மகனிடம் சத்தத்தைப் பற்றி தினமும் சொன்னால் அவன் என்ன செய்வான்?

அன்று காலை அண்ணி பெட்டியோடு கிளம்பினார். முதல் சில வீடுகள் இந்தப் பக்கமே. அங்கே ரத்தம் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கிறார். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தார். லீவர் கைக்கு வந்தது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை அழுத்தியதும் பின்சக்கரம் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. எதிரே தண்ணீர் லாரி. அண்ணி வண்டியைச் சாலையோரம் திருப்பிவிட்டார். அங்கே ஒரு வீடு கட்டுகிறார்கள், வாசலில் ஆற்று மணல் குவித்திருந்தார்கள். அதில் போய்ச் செருகினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

நாங்கள் ஓடிப்போனபோது அண்ணி மணல்மேல் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டோவை நிறுத்தி, பெட்டியைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார். அது கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

“அண்ணி, கை!” என்றேன்.

“கை இருக்கட்டும். பிரேக் ஏன் பிடிக்கல?” என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண் முன்சக்கரத்தை விட்டு அசையவில்லை.

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று டாக்டர் கட்டுப் போட்டுவிட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மெக்கானிக் தம்பி எங்கள் வாசலிலேயே குனிந்து டிஸ்க் தட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். விரலை முகர்ந்தான்.

“அக்கா, இதுல எண்ணெய் இருக்கு.”

“இருக்காது தம்பி. நான் முன்சக்கரத்துப் பக்கம் எண்ணெய் டப்பாவையே கொண்டுபோறதில்ல.”

“தொட்டுப் பாருங்களேன்.”

அண்ணி தொட்டுப் பார்த்தார். உள்ளே வந்து வெள்ளைத் துணி டப்பாவைத் திறந்தார். மேலாக மடித்து வைத்திருந்த துணியில் எண்ணெய்க் கறை.

அப்போது அண்ணன் வாசல் அறையிலிருந்து ஒரு கேள்வி கேட்டான். அதைக் கேட்டதும் எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழுவதா, கத்தரிக்கோலால் குத்துவதா என்று தெரியவில்லை.

“அது சரி, சத்தம் நின்னுச்சா இல்லையா?”

முந்தின நாள் சாயங்காலம் குப்பியை எடுத்துப் போய் அந்தத் தட்டில் சுற்றிலும் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறான். தட்டைச் சுற்றிவிட்டு, எல்லா இடத்திலும் பரவச் செய்து, மிஞ்சியதை, பெண்டாட்டி சுத்தக்காரி ஆயிற்றே என்று, தேடிப் பிடித்து நல்ல வெள்ளைத் துணியாலேயே துடைத்திருக்கிறான். துடைத்ததை மடித்து டப்பாவிலும் வைத்திருக்கிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

“ஏங்க,” என்றார் அண்ணி. குரல் ஏறவில்லை. “அந்தத் தட்டைப் பேடு கவ்விப் பிடிச்சாத்தான் வண்டி நிக்கும். எண்ணெய் பட்டா வழுக்கிடும். நீங்க சத்தத்தை நிறுத்தல. பிரேக்கை நிறுத்திட்டீங்க.”

அண்ணன் பார்வை கட்டுப் போட்ட கைக்குப் போனது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அன்று முழுக்க மெஷின் ஓடவில்லை.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு ஆத்திரம். தப்பு செய்தவன் தப்பைத் திருத்துவான் என்று பார்த்தால், அவன் பயந்துபோனான். “அந்த வண்டியே வேண்டாம்” என்று ஆரம்பித்தான். அம்மாவும் சேர்ந்துகொண்டார். கண்ணு பட்டுவிட்டது, ஊர்க்கண் பொல்லாதது, பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று பழைய பாட்டையெல்லாம் எடுத்துவிட்டார். சத்தம் என்று புகார் சொன்னதும் நீதானே என்று நான் கேட்டேன். “நான் சத்தம்னுதான் சொன்னேன், எண்ணெய் விடுன்னா சொன்னேன்?” என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டார்.

அண்ணிக்கு வேலைதான் பிரச்சினை. பரிசோதனைக் கூடத்தின் மேனேஜர் போன் செய்து, திங்கட்கிழமை காலையில் அண்ணி வந்தால் சரி, இல்லாவிட்டால் அந்த வீடுகளையெல்லாம் வேறு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். வண்டி இல்லாவிட்டால் திங்கட்கிழமையும் இல்லை, அந்தக் கிழவர்களும் இல்லை, அண்ணியின் வேலையும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி மருத்துவமனைக்குக் கட்டைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது பின்பக்கத்தில் ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வண்டி வாங்கி விற்கிறவர். டயரை அழுத்தினார், சீட்டைத் தட்டினார், ஏறி உட்கார்ந்து பார்த்தார். அண்ணன் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“நல்ல வண்டிதான் சார். நான் அப்படியே ஓட்டிக்கிட்டுப் போயிடறேன்” என்றார் வந்தவர்.

அண்ணி நேரே போய்ச் சாவியை உருவிக்கொண்டார்.

“இதுக்கு முன் பிரேக் கிடையாது. பேட்ல எண்ணெய் ஊறியிருக்கு. சொன்னாரா?”

வந்தவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். பேரம் பேச வந்தவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அவர் போனதும் அண்ணி முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். “நீங்க தெரியாம எண்ணெய் விட்டீங்க. அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. தெரிஞ்சும் இந்த வண்டியை இன்னொருத்தன் கையில கொடுக்கப் பார்த்தீங்களே, அதுக்குத்தான் கோவம். அந்தச் சரிவுல அவன் இறங்கியிருந்தா? மணல் அவனுக்குன்னு காத்துக்கிட்டா இருக்கும்?”

“நீ மறுபடியும் அதுல ஏறக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு. உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்னம்மா செய்வேன்?” அண்ணன் அழுதேவிட்டான்.

அண்ணி அவனை அழ விட்டார். பிறகு சொன்னார். “திங்கக்கிழமை நான் போறேன். இந்த வண்டியிலதான் போறேன். எனக்கு ஒரு கைதான் இருக்கு. கிளட்ச் பிடிச்சிடுவேன், ஸ்பேனர் முறுக்க முடியாது. நாளைக்குக் காலையில உங்க கை எனக்கு வேணும். தர்றீங்களா?”

மெக்கானிக் தம்பி புதுப் பேடு கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் கடை கிடையாது, வேலை முடிந்ததும் சொல்லுங்கள், நட்டெல்லாம் இறுகியிருக்கிறதா என்று வந்து பார்க்கிறேன் என்றான்.

காலையில் விரிப்பு விரித்தாயிற்று. அண்ணனுக்குக் கை உறை மாட்டிவிட்டேன். மாப்பிள்ளை மாதிரி நின்றான். அவன் ஞாயிற்றுக்கிழமைதான் தைத்ததையெல்லாம் தேய்ப்பான். கரி இஸ்திரிப் பெட்டி கதவோரம் கனன்றுகொண்டிருந்தது. அண்ணி முதலில் அதைத்தான் காட்டினார்.

“அதை வாசல் பக்கம் கொண்டுபோங்க. பிரேக் துடைக்கிற ஸ்பிரேயில ஒரு பொறி பட்டாப் போதும், வண்டியோட நம்மளும் இஸ்திரி ஆயிடுவோம்.”

இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினோம். பேடைக் கவ்விக்கொண்டிருக்கிற காலிப்பரை அண்ணன் கழற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். அச்சுக்கம்பியை உருவினான். சக்கரம் கையோடு வந்ததும் பெருமை தாங்கவில்லை, ஹேண்டில்பாரைப் பிடித்து பிரேக் லீவரை ஒரு அழுத்து அழுத்தப் போனான்.

“தொடாதீங்க!” அண்ணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தலை சுவர்மேல் முளைத்தது. “தட்டு இல்லாதப்ப அழுத்தினா உள்ளே இருக்கிறது வெளியே பிதுங்கிடும்.”

சக்கரத்தை டிஸ்க் தட்டு மேலே இருக்கும்படி இரண்டு கட்டைகள் மேல் படுக்க வைத்தோம். விழுந்ததில் மணல் எங்கெல்லாமோ புகுந்திருந்தது. அண்ணன் கறுப்புத் துணியால் அச்சுக்கம்பியைப் பழைய கிரீஸோடும் மணலோடும் வழித்துத் துடைத்தான். அண்ணி நல்ல கையின் விரலை அச்சுக்கம்பி போகிற பேரிங் ஓட்டையில் விட்டு மெல்லச் சுற்றி, காதை வைத்துக் கேட்டார். மணல் சத்தம் இல்லை. மூடிய பேரிங்தான், அதற்கு எதுவும் வைக்க வேண்டாம் என்றார். அண்ணனுக்கு அது ஏமாற்றம். “ஒரு சொட்டாவது?” என்றான்.

“அதுக்குள்ளேயே கிரீஸ் வச்சு மூடியிருக்காங்க. நாம மேல எண்ணெய் விட்டா உள்ளே இருக்கிறதும் கரைஞ்சு ஓடிடும்.”

அச்சுக்கம்பிக்கு மட்டும் கிரீஸ். அதையும் அவன் அப்பம் மாதிரி அப்பினான். அண்ணி பாதியை வழித்தெடுக்க வைத்தார். பிறகு அழுக்குக் கை உறையைக் கழற்றச் சொல்லி வேறு உறை கொடுத்தார். வெள்ளைத் துணி டப்பாவில் புதிதாகக் கிழித்த துணி வைத்திருந்தேன். டிஸ்க் தட்டின் இரண்டு பக்கமும் ஸ்பிரே அடித்துத் துடைக்கத் துடைக்கத் துணியில் கறை வந்துகொண்டே இருந்தது. ஒரு துணி கறையானால் அதைப் போட்டுவிட்டு அடுத்தது. அண்ணன் கறையைப் பார்த்துக்கொண்டே துடைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அது அதிசயம்.

பழைய பேடைத் தூக்கி எறிய அவனுக்கு மனமில்லை. “நல்லாத்தானே இருக்கு? துணியில எண்ணெய்க் கறை பட்டா சாக்பீஸ் தூள் வச்சு ஒரு ராத்திரி விட்டா உறிஞ்சிடும். எத்தனை பட்டுச் சட்டையைக் காப்பாத்தியிருக்கேன்!” என்று பையிலிருந்து குறி போடுகிற சாக்பீஸை எடுத்தேவிட்டான்.

“துணி திருப்பிக் கொடுத்திடும். இது கொடுக்காதுங்க, குடிச்சிடும். சூடாகுறப்போ திரும்பவும் கக்கும்.”

அவன் சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டான். புதுப் பேடைப் பொருத்தினான், சக்கரத்தை ஏற்றினான், அண்ணி சொல்லச் சொல்ல ஒவ்வொரு நட்டையும் முறுக்கினான். கடைசியில் லீவரை அழுத்தச் சொன்னார். இந்தத் தடவை நிஜமாகவே அழுத்த வேண்டும். முதலில் தொளதொளவென்று போனது. விட்டு விட்டு அழுத்தியதும் கல் மாதிரி இறுகியது.

எண்ணெய்த் துணிகளை அண்ணன் வழக்கம்போல வெட்டுத் துணி மூட்டைக்குள் திணிக்கப் போனான். அந்த மூட்டைதான் தலையணைக்குள் அடைக்கப் போகும்.

“யார் தலையில வைக்கப் போறீங்க?” என்று அண்ணி பிடுங்கினார். அவற்றைக் குவிக்காமல் வெளியே கம்பியில் விரித்துக் காயப் போட்டு, காய்ந்ததும் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டோம்.

மெக்கானிக் தம்பி வந்து எல்லா நட்டையும் தன் ஸ்பேனரால் சரிபார்த்தான். “யார் முறுக்கினது?” என்று கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு” என்றான். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அண்ணி சந்துக்குள்ளேயே மெதுவாகப் போய்ப் போய் நிறுத்திப் பார்த்தார். புதுப் பேடு பழக வேண்டுமாம். பிறகு வாசலில் வந்து நின்று ஹெல்மெட் இன்னொன்றை நீட்டினார்.

“வாங்க.”

“எங்க?”

“சரிவுக்கு.”

அவன் இத்தனை வருஷத்தில் அண்ணியின் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. கௌரவம் பாதி, பயம் முக்கால். அம்மா உள்ளேயிருந்து, “ரெண்டு பேருமா? வேண்டாம்டா” என்றார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான், கட்டுப் போட்ட மணிக்கட்டைப் பார்த்தான், ஏறி உட்கார்ந்தான்.

நானும் அம்மாவும் மொட்டை மாடிக்கு ஓடினோம். அங்கிருந்து சரிவு தெரியும். அம்மா வந்தாரே தவிர கண்ணை மூடிக்கொண்டார். “சொல்லுடி, சொல்லுடி” என்று என் கையை நசுக்கினார். வண்டி சரிவில் இறங்கியது. வளைவு வந்தது. மணல் குவியலுக்கு நேராக, சாலையிலேயே, ஆணி அடித்த மாதிரி நின்றது. பின்னால் இருந்தவன் இறங்கவில்லை. அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் சொன்னதும் அம்மா கண்ணைத் திறந்து, “நின்னுடுச்சா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

திங்கட்கிழமை அண்ணி கிளம்பினார். விடியற்காலைப் பனி. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். வளைவிலிருந்து கீச்சென்று அந்தக் கத்து வந்தது. அம்மா உள்ளே புரண்டு படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார். அண்ணன் காலை வைத்து மிதிக்க ஆரம்பித்தான். அதிலிருந்து தினமும் அப்படித்தான். அந்தக் கத்து வந்தால்தான் முதல் தையல்.

பனிக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அந்தச் சத்தம் வரவில்லை. நான் பட்டன் கோத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காதைத் தீட்டினான். ஒன்றுமில்லை. அடுத்த கணம் எழுந்தான். கழுத்தில் அளவு டேப், காதில் சாக்பீஸ், காலில் செருப்பு இல்லை. தெருவில் விழுந்தடித்து ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அண்ணி வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, வீடு கட்டுகிறவரிடம், மணலைச் சாலையோரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொட்டக் கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வந்து நின்ற புருஷனை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னங்க? செருப்புகூட இல்லாம?”

“சத்தம் கேக்கல” என்றான் அண்ணன்.

அண்ணியின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி மறைத்துக்கொண்டார்.

“இன்னிக்குப் பனி இல்லைங்க, அதான் கத்தல. ஏறுங்க, வீட்டுல விட்டுட்டுப் போறேன்.”

“வேண்டாம், நீ போம்மா. பாவம், பசியோட உட்கார்ந்திருப்பாங்க” என்றான் அண்ணன். வண்டி வளைவைத் தாண்டி மறைகிற வரைக்கும் அங்கேயே வெறுங்காலோடு நின்றிருந்தான்.